கல்லடியில் ஒரு பின்னறை: குரலுக்கும் மத்தளத்துக்கும் முதல் ஒலிப்பதிவுக் கருவிகள்

வீடு மட்டக்களப்பின் கல்லடியில், கல்முனை வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. பதிவு செய்ய விரும்பியவர்கள் மூவர். அக்கா பாடுபவர். தம்பி கிற்றார் வாசித்துச் சொந்தமாகப் பாட்டுக் கட்டுபவர். தாய்மாமா வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமம் ஒன்றில், கூத்துப் பாணிகளில் ஒன்றான வடமோடிக் கூத்துக்கு மத்தளம் அடித்துப் பாடும் அண்ணாவியார், அதாவது கூத்தைப் பழக்கி நடத்துபவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. குரலும் கையும் ஒத்துழைக்கும்போதே அவர் மனப்பாடமாக வைத்திருக்கும் கூத்துப் பாட்டுகளைப் பதிந்துவிட வேண்டும் என்பதே வீட்டாரின் முதல் நோக்கம். தம்பியின் பாட்டுகளை யூரியூப்பில் ஏற்றுவது அடுத்தது. வீட்டாரின் பெயர்கள் இங்கே தேவையில்லை. கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அதைச் சுற்றி அறை எடுத்துத் தங்கியிருக்கும் இசை மாணவர் பலருக்கும் இதே கேள்விதான் இருக்கும் என்பதால், செய்ததையும் பிழைத்ததையும் முழுமையாக எழுதுகிறோம்.

முதல் கொள்வனவு ஏன் பிழைத்தது

முதலில் வாங்கியது இணையத்தில் விற்கும் ‘ஸ்டூடியோ பொதி’. மேசையில் பூட்டும் மடக்குக் கை, பஞ்சுத் தொப்பி, ஒரு கண்டென்சர் மைக், பல பொத்தான்கள் கொண்ட சிறிய சவுண்ட் கார்ட், ஒரு அங்குலத் தடிப்பில் பன்னிரண்டு ஃபோம் துண்டுகள். பார்வைக்கு எல்லாம் நிறைவாக இருந்தது. பதிந்து கேட்டபோது குரலுக்குப் பின்னால் தொடர்ந்து ஒரு இரைச்சல், ‘ப’, ‘ம்ப’ வரும் இடங்களில் வெடிப்பு, மத்தளம் தொடங்கியதும் எல்லாம் கரகரவென்று உடைதல்.

காரணம் ஒன்றல்ல, நான்கு.

அந்த மைக்கின் வயர் ஒரு முனையில் எக்ஸ்எல்ஆர் (மைக்குக்கான மூன்று ஊசிப் பிளக்), மறு முனையில் ஹெட்போனுக்கு உள்ளதைப் போன்ற 3.5 மில்லிமீற்றர் பிளக். கண்டென்சர் மைக்குக்கு முறையாகக் கிடைக்க வேண்டிய மின்னழுத்தம் 48 வோல்ட். இந்தத் துளை கொடுப்பது சில வோல்ட்டுகள் மட்டுமே. மைக் வேலை செய்வது போல் தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் சுற்று பட்டினியில் கிடப்பதால் உரத்த ஒலியை விரைவில் உடைக்கும். மெல்லிய ஒலிக்காகக் கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, ஏற்றினால் இரைச்சலும் கூடவே ஏறும். மத்தளத்தின் வலந்தலை (கூர்மையாக ஒலிக்கும் வலப்பக்கம்) அடி உடைந்து கேட்டதற்கு இதுதான் காரணம். அண்ணாவியார் உரக்க அடித்தது அல்ல.

இரண்டாவது, லப்டொப்பின் சார்ஜர். அதைக் கழற்றிவிட்டு பற்றரியில் மட்டும் ஓடவிட்டபோது இரைச்சலில் ஒரு பகுதி, அந்த மெல்லிய ‘ங்’ என்ற ரீங்காரம், உடனே நின்றது. வீட்டுச் சுவரிலிருந்த பிளக் பொயின்ற்றில் எர்த் இணைப்பு வேலை செய்யவில்லை. மின் வேலை செய்பவரைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்வதே இதற்கு மருந்து. சத்தம் நிற்கட்டும் என்று பிளக்கின் எர்த் கம்பியை வெட்டிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதை ஒருபோதும் செய்யக்கூடாது, உயிருக்கு ஆபத்து.

மூன்றாவது, தூரம். மடக்குக் கை மேசையில் இருந்ததால் அக்கா மைக்கிலிருந்து ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் தள்ளி நின்று பாடியிருக்கிறார். நான்காவது, அறை. இந்த இரண்டையும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிய கருவி எதுவும் வாங்காமலே பதிவு மாறியது இங்கேதான்.

தூரம்

திறந்த வெளியில் ஒலிமூலத்துக்கும் மைக்குக்கும் இடையிலான தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபெல் கூடும். அறையின் எதிரொலியும் மின்விசிறிச் சத்தமும் எங்கும் பரவி நிற்பவை. மைக்கை நகர்த்தினாலும் அவை ஏறத்தாழ அப்படியே இருக்கும். 45 சென்ரிமீற்றரிலிருந்து 8 சென்ரிமீற்றருக்கு வந்தால் குரல் சுமார் 15 டெசிபெல் உயரும். அதாவது கெயினை 15 டெசிபெல் இறக்கலாம், கூடவே அறையின் சத்தமும் அந்தளவு கீழே போகும். எந்த விலை மைக்கும் இந்த 15 டெசிபெல்லைத் தானாகத் தராது.

நெருங்கினால் இரண்டு பக்கவிளைவுகள் வரும். முன்பக்க ஒலியையே பெரிதும் பிடிக்கும் கார்டியோயிட் வகை மைக்குகள் எல்லாம் அருகில் வர வரக் கீழ்ச்சுருதியைத் தடிப்பாக்கும். குரல் அடைத்ததுபோல் தோன்றும். மென்பொருளில் 80 முதல் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் அது பெரும்பாலும் சரியாகும். மற்றது வாய்க்காற்று. எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலோன் காலுறையை இறுக்கமாக இழுத்துப் பூட்டி, மைக்குக்கு 5 சென்ரிமீற்றர் முன்னால் நிறுத்தினால் போதும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் மூக்கின் உயரத்துக்கு ஏற்றி, வாயை நோக்கிச் சற்றுச் சரித்து வைப்பது இன்னும் உதவும்.

அறை

வீட்டார் முன் விறாந்தையை அடுத்த ஹோலில் பதிந்துகொண்டிருந்தார்கள். மாபிள் நிலம், பூசிய சுவர்கள், இரண்டு பக்கமும் ஜன்னல். நடுவில் நின்று கைதட்டினால் ‘டர்ர்’ என்று ஒரு சிறு உருளல் வரும். நேரெதிர் சுவர்கள் ஒலியை ஒன்றுக்கொன்று எறிந்து விளையாடுவதன் அடையாளம் அது. எல்லா அறைகளிலும் இப்படிக் கைதட்டிப் பார்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு நிமிட மௌனத்தைக் கைத்தொலைபேசியில் பதிந்து கேட்டபோது, பின்பக்கத்துப் படுக்கையறை தெளிவாக முன்னே நின்றது. 12 அடிக்கு 10 அடி. துணி நிறைந்த அலுமாரி, கட்டில் மெத்தை, வீதிப்பக்கம் ஜன்னல் இல்லை. அடுத்த சுவரில் குளிர்சாதனப்பெட்டி நின்றது. பதியும் நேரத்தில் அதை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தினால் திரும்பப் போட மறப்பது வழக்கம் என்பதால் வீட்டுத் திறப்பை அந்தப் பெட்டிக்குள் வைத்தார்கள். திறப்பை எடுக்கப் போனால் நினைவு வரும்.

பொதியோடு வந்த ஃபோமைச் சுவரில் ஒட்டியும் மாற்றம் தெரியாததில் வீட்டாருக்குப் பெரிய ஏமாற்றம். ஒரு அங்குலப் பஞ்சு, சுவரோடு ஒட்டினால், ஏறத்தாழ 1,000 ஹேர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலிகளைத்தான் உருப்படியாக உறிஞ்சும். மனிதக் குரலின் பெட்டிக்குள் பேசுவது போன்ற அடைப்பு 200 முதல் 500 ஹேர்ட்ஸ் வரையான பகுதியில் இருக்கிறது. அதைத் தொட வேண்டுமானால் தடிப்பு வேண்டும், சுவரிலிருந்து இடைவெளியும் வேண்டும். வீட்டில் இருந்த இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகள் நான்கு அங்குலத் தடிப்பு. அவற்றைச் சுவரிலிருந்து இன்னொரு நான்கு அங்குலம் தள்ளி நிமிர்த்தி வைத்தால், அந்தப் பகுதி வரை இறங்கி வேலை செய்யும். தும்பு மெத்தையும் பயன்படும். ஆனால் றெக்சின் உறை போட்டிருந்தால் கழற்ற வேண்டும், காற்றுப் புகாத உறை ஒலியைத் திருப்பி அனுப்பிவிடும்.

மெத்தையை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் வைப்பார்கள். கார்டியோயிட் மைக்குக்கு முன்பக்கம்தான் காது. பின்பக்கம் ஏற்கெனவே செவிடு. ஆகவே மெத்தை இருக்க வேண்டியது பாடுபவரின் முதுகுக்குப் பின்னால். இந்த வீட்டில் அலுமாரி மூலையில் இரண்டு மெத்தைகளையும் திறந்த புத்தகம்போல் நிறுத்தி, அதற்குள் பாடுபவர் முதுகு காட்டி நின்றார். நிலத்தில் பாயும் அதன்மேல் மடித்த போர்வையும். செலவு ஒரு ரூபாவும் இல்லை. அதே பழைய மைக்கில் அப்போது பதிந்ததைக் கேட்ட தம்பி, வேறு மைக்கா என்று கேட்டார்.

வெளிச்சத்தத்தை மெத்தை நிறுத்தாது. ஓட்டோ, காகம், கோயில் ஒலிபெருக்கி, பாண் வண்டியின் பாட்டு, கடல் இரைச்சல் எல்லாம் உள்ளே வரும். அவற்றை வெல்வது நேரத்தைத் தெரிவதால்தான். மூன்று நாள் மணிக்கொரு முறை மௌனத்தைப் பதிந்து பார்த்ததில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போய் அடங்கிய பிறகு, ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை இந்த வீட்டுக்கு நல்ல நேரம். உங்கள் வீட்டுக்கு அது வேறாக இருக்கும். பதிந்து பார்த்தே முடிவு செய்யுங்கள். ஒக்ரோபரிலிருந்து ஜனவரி வரை மாரி மழை சீற் கூரையில் விழத் தொடங்கினால் பதிவை விட்டுவிட வேண்டியதுதான்.

தெரிவு

அறை ஒழுங்கானபிறகே கடைக்குப் போனார்கள். கேள்வி ‘எது நல்ல மைக்’ அல்ல; ‘ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகளைத் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும்’ என்பது. அண்ணாவியார் அடித்துக்கொண்டேதான் பாடுவார். பாட்டைத் தனியாகவும் மத்தளத்தைத் தனியாகவும் பதிந்தால் வரவு தாளமும் (பாத்திரம் களரிக்கு வரும்போது அடிப்பது) பாட்டும் பிசகிவிடும். எனவே ஒரே நேரத்தில் இரண்டு மைக், அதாவது இரண்டு மைக் துளை உள்ள ஓடியோ இன்டர்பேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி). இந்த ஒரு தேவையே ஒற்றைத் துளை மலிவு வகைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டது. பெஹ்ரிங்கர் யூஎம்சி202எச்டி, ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 இரண்டும் இந்த வேலைக்கு ஏற்றவை. விலை குறைவு என்பதால் முதலாவதைத் தெரிந்தார்கள். மிச்சமான பணம் இரண்டாவது மைக்குக்குப் போனது. அது சரியான தீர்மானம் என்றே நினைக்கிறோம். இந்தத் தரத்தில் உள்ள இன்டர்பேஸ்களுக்கு இடையிலான வித்தியாசம், ஒரு மைக்குக்கும் இரண்டு மைக்குக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு அருகில்கூட வராது.

நான்கு துளைகள் வேண்டாமா, சல்லாரி (கைத்தாளம்) இருக்கிறதே என்று தம்பி கேட்டார். சல்லாரியின் ஒலி கூர்மையானது, பக்கத்தில் இருக்கும் எல்லா மைக்கிலும் புகுந்துவிடும். அதைப் பிறகு, பதிந்த பாட்டைக் கேட்டுக்கொண்டே தனியாகச் சேர்ப்பது நல்லது. நான்கு துளைக்கான பணம் மிச்சம்.

மைக் விடயத்தில் ஒரு பரவலான எண்ணத்தைத் திருத்த வேண்டும். ‘கண்டென்சர் வெளிச்சத்தத்தை இழுக்கும், டைனமிக் இழுக்காது’ என்பார்கள். ஒரே தூரத்தில், ஒரே திசைவடிவில், குரலை ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால் இரண்டிலும் அறைச்சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். டைனமிக் மைக்கை வாயோடு ஒட்டிப் பாடுவது வழக்கம், கண்டென்சரைத் தள்ளி வைப்பது வழக்கம். வித்தியாசம் அந்தப் பழக்கத்தில் இருக்கிறது. உண்மையான வேறுபாடு வேறிடத்தில். டைனமிக் மைக்கான ஷுவர் எஸ்எம்58 ஒரு பஸ்கால் அழுத்தத்துக்கு 1.88 மில்லிவோல்ட் தரும். கண்டென்சரான ஆடியோ-டெக்னிகா ஏடி2020, 14.1 மில்லிவோல்ட் தரும். ஏறத்தாழ 17.5 டெசிபெல் இடைவெளி. அந்த இடைவெளியை இன்டர்பேஸின் கெயின்தான் நிரப்ப வேண்டும். மெல்லிய குரலில் தாலாட்டுப் பாடுபவருக்கு டைனமிக் மைக் கொடுத்தால் கெயின் முழுவதும் திறந்து சீறல் கேட்கும். கூத்துப் பாட்டின் திறந்த குரலுக்கு அந்தப் பிரச்சினை வராது.

ஆகவே குரலுக்கு எஸ்எம்58, மத்தளத்துக்கும் கிற்றாருக்கும் ஏடி2020. இரண்டாவது 144 டெசிபெல் வரை தாங்கும் என்பதால் மத்தள அடிக்கு அஞ்சத் தேவையில்லை. எஸ்எம்58 வாங்கும்போது மட்டும் மிகவும் கவனமாக இருங்கள், உலகிலேயே அதிகம் போலி செய்யப்படும் மைக்குகளில் அது ஒன்று. உண்மையானது 298 கிராம். தபாற்கந்தோரிலோ நகைக்கடையிலோ நிறுத்துப் பார்க்கலாம். நம்பமுடியாத மலிவில் கிடைத்தால் வேண்டாம்.

ஹெட்போன் மூடிய வகை, வயர் உள்ளது: ஏடிஎச்-எம்20எக்ஸ். புளூடூத் இதற்கு உதவாது. ஒலி பிந்தி வருவதால் தாளத்தோடு சேரவே முடியாது. ஸ்பீக்கர்களை இப்போதைக்கு வாங்கவில்லை. 12 அடிக்கு 10 அடி அறை ஏறத்தாழ 48, 57 ஹேர்ட்ஸில் தானே முழங்கும். அங்கே ஸ்பீக்கர் வைத்து மத்தளத்தின் இடந்தலையை (முழங்கும் இடப்பக்கத்தை) சரிசெய்தால், இருக்கும் இடத்தைப் பொறுத்து ஒருவருக்கு அதிகமாகவும் இன்னொருவருக்கு இல்லாததாகவும் கேட்கும். ஹெட்போனில் கலந்து, பிறகு கைத்தொலைபேசியிலும் வான் வண்டியிலும் போட்டுக் கேட்பது போதுமானது.

மீதி: 3 மீற்றர் எக்ஸ்எல்ஆர் வயர் இரண்டு, கையிருப்புக்கு இன்னொன்று, நிலத்தில் நிற்கும் பூம் ஸ்டான்ட் இரண்டு. மேசைக் கையை விட்டதற்குக் காரணம் உண்டு. மட்டக்களப்பு வாவியின் பாடுமீன் ஒலியைக் கேட்கப் போகிறவர்கள் தோணியிலிருந்து துடுப்பை வாவிக்குள் இறக்கி மறு முனையைக் காதில் வைப்பார்கள். மரம் காற்றைவிட நன்றாக ஒலியைக் கடத்தும். மேசையில் பூட்டிய மைக்கும் அதே வழியில் மேசையில் படும் ஒவ்வொரு கையையும், லப்டொப் விசிறியின் அதிர்வையும் கேட்கும்.

விலைகள் அடிக்கடி மாறுவதால் தொகை எழுதுவதில் பயனில்லை. பங்கைச் சொல்கிறோம்: மொத்தச் செலவில் மைக்குகள் பாதியளவு, இன்டர்பேஸ் நான்கில் ஒன்று, எஞ்சியது ஹெட்போன், ஸ்டான்ட், வயர். லப்டொப் ஏற்கெனவே இருந்தது. 8 ஜீபி நினைவகமும் எஸ்எஸ்டி தட்டும் இதற்குத் தாராளம்.

கணினி

மென்பொருள் ரீப்பர். 60 நாள் முழுமையாகப் பரீட்சித்துப் பார்க்கலாம். பிறகு உரிமம் வாங்க வேண்டும். வெட்டி ஒட்டுவது மட்டும் போதுமென்றால் இலவசமான ஒடாசிற்றி. இன்டர்பேஸ் செய்த நிறுவனத்தின் ஆசியோ டிரைவரை (கணினி இன்டர்பேஸோடு தாமதம் குறைவாகப் பேச உதவும் மென்பொருள்) நிறுவி, யூஎஸ்பி ஹப் இல்லாமல் நேரடியாகச் செருக வேண்டும். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற். பஃபர் (கணினி ஒரு தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கை) 128 என்றால் ஒரு வழித் தாமதம் 2.7 மில்லிசெக்கன், 256 என்றால் 5.3, போக்கும் வரத்துமாக அது இரட்டிக்கும். பதியும்போது சிறிய எண், கலக்கும்போது பெரிய எண். டிக் டிக் என்று இடையில் வெட்டினால் பஃபரை ஏற்றுங்கள். பாடுபவர் தன் குரலை இன்டர்பேஸின் நேரடி மொனிற்றர் பொத்தானால் கேட்டால் தாமதமே இல்லை. அப்போது ரீப்பரில் அந்தத் தடத்தின் மொனிற்றரை நிறுத்த வேண்டும். மறந்தால் ஒரே குரல் இரண்டு தடவை கேட்கும்.

பதிவு நாள்

அண்ணாவியார் வழக்கம்போல் மத்தளத்தை இடுப்பில் கட்டி நின்றே பாடினார். குரல் மைக்கை நெஞ்சு உயரத்திலிருந்து வாயை நோக்கி மேல்நோக்கிச் சரித்து, 8 முதல் 10 சென்ரிமீற்றரில் வைத்தோம். இப்படி வைத்தால் மைக்கின் செவிட்டுப் பக்கம் கீழே மத்தளத்தைப் பார்க்கும். மத்தள மைக் முதலில் அவருக்கு முன்னே 60 சென்ரிமீற்றரில், நடு உடம்புக்கு நேரே, வலந்தலைப் பக்கம் சற்று விலகி. அப்படி வைத்தபோது வலந்தலையின் வெட்டு இடந்தலையை மூழ்கடித்தது; மைக்கை ஒரு சாண் இடந்தலைப் பக்கம் நகர்த்தியதும் இரண்டும் பேசத் தொடங்கின. ஆகவே எங்கள் முதல் கணிப்பு பிழை. காதை மைக் இருக்கும் இடத்தில் வைத்துக் கேட்பதே இதற்கு உரிய அளவுகோல்.

இந்த இன்டர்பேஸில் 48 வோல்ட் பொத்தான் இரண்டு துளைக்கும் பொது. முறையான எக்ஸ்எல்ஆர் வயரில் எஸ்எம்58க்கு அதனால் கேடில்லை. பொத்தானை அழுத்துமுன் கெயினை இறக்கி, அழுத்திய பின் பத்து செக்கன் விட்டு ஏற்றினால் ‘டப்’ என்ற அடி ஹெட்போனுக்குப் போகாது.

அளவு பார்ப்பதற்கு ‘கொஞ்சம் பாடுங்கோ’ என்றால் எவரும் அடக்கியே பாடுவார்கள். கூத்தில் வேகமெடுக்கும் இடத்தைக் கேட்டுப் பாடச் சொல்லி, அதன் உச்சம் -12 டெசிபெல்லில் நிற்கக் கெயினை வைத்தோம். 24 பிற்றில் அளவு குறைந்ததால் எதுவும் கெடாது. பதிவின் உச்ச எல்லையான பூச்சியத்தைத் தொட்டால் திரும்பப் பெறவே முடியாது.

அவருக்கு ஹெட்போன் போட்டபோது இரண்டு வரியில் நிறுத்திவிட்டார். “இதப் போட்டுக்கு அடிக்க ஏலா மருமகன், என்ட கை எனக்கே கேக்குதில்ல.” அவர் சொன்னது சரி. மற்றத் தடம் எதையும் கேட்கத் தேவையில்லாதவருக்கு ஹெட்போன் தேவையில்லை. மெற்றோனோமும் வைக்கவில்லை, கூத்துத் தாளம் பாட்டோடு சேர்ந்து ஏறி இறங்கும், அதை ஒரு இயந்திரத் தட்டுக்குள் அடைத்தால் பதிய வந்ததே போய்விடும்.

பின்னர் கேட்டபோது இரண்டு தடமும் சேர்ந்த இடத்தில் இடந்தலை மெலிந்திருந்தது. மத்தள ஒலி இரு மைக்குக்கும் வெவ்வேறு நேரத்தில் வந்து ஒன்றையொன்று தின்பதால் வருவது. ஒரு தடத்தின் போலாரிற்றியை, அதாவது ஒலி அலையின் மேல்கீழை, திருப்பிப் பார்த்து, தடிப்பாகக் கேட்ட நிலையில் விட்டோம். சல்லாரியை அடுத்த நாள் தம்பி சேர்த்தார்: மைக் 1.5 மீற்றர் தள்ளி, உச்சம் -18இல். கிற்றாருக்கு அதே மைக்கைப் பன்னிரண்டாம் ஃபிரெற்றுக்கு நேரே 25 சென்ரிமீற்றரில் வைத்தார். ஓட்டைக்கு நேரே வைத்தால் முழக்கம் மட்டும் வரும்.

மின்விசிறி நிற்பதால் வெக்கை கடுமை, கச்சான் எனும் வெப்பக் காற்று வீசும் காலத்தில் இன்னும் மோசம். ஒரு பாட்டு, பிறகு பத்து நிமிடம் விசிறி, தண்ணீர், அடுத்த பாட்டு. ஒரு காலையில் நான்கு பாட்டுக்கு மேல் திட்டமிடக்கூடாது; வயதானவருக்கு இரண்டே போதும்.

பழைய பொதியில் மௌனம் -40 டெசிபெல் அளவில் நின்றது. புதிய ஒழுங்கில், குரலின் உச்சம் ஏறத்தாழ அதே அளவில் இருக்க, குரல் தடத்தில் அது -63. இந்த வித்தியாசத்தில் பெரிய பங்கு தூரத்துக்கும், நிறுத்திய விசிறிக்கும், எர்த்துக்கும் உரியது.

வைத்திருத்தல்

கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் ஊரில் உப்புக்காற்று இவற்றைத் தின்றுவிடும். கண்டென்சர் மைக்கின் உள்ளே ஈரம் படிந்தால் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் சத்தம் வரும். மூடி இறுகும் பிளாஸ்ரிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். நிறம் மாறினால் புதியது போடுங்கள். அரிசி போட வேண்டாம், அதன் மா மைக்குக்குள் போகும். மைக்கை ஸ்டான்டில் மாட்டியபடி இரவு விடக்கூடாது. எக்ஸ்எல்ஆர் முனைகளில் பச்சை பூத்தால் கொன்டக்ற் கிளீனரால் துடைக்கலாம்.

24 பிற், 48 கிலோஹேர்ட்ஸில் ஒரு தடம் நிமிடத்துக்கு 8.64 மெகாபைட். ஐந்து நிமிடப் பாட்டு மூன்று தடத்தில் 130 மெகாபைட்டுக்குள் அடங்கும். அண்ணாவியாரின் பாட்டுகளை வேவ் கோப்பாகவே வைத்து, ஒரு பிரதி வெளித்தட்டில் இந்த வீட்டிலும் இன்னொன்று படுவான்கரையில் அவருடைய மகள் வீட்டிலும் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் கூத்தின் பெயர், பாத்திரம், பாட்டின் முதலடி, பாடிய நாள். முதலடியை அவரைக் கேட்டு அன்றைக்கே எழுதிவிட வேண்டும். இரண்டு பாட்டுகளுக்கு அப்படி எழுதாமல் விட்டதால், எந்தப் பாத்திரம் பாடுவது என்று கேட்க அடுத்த வாரம் பாலம் கடந்து போக வேண்டியிருந்தது.